நட்சத்திர பங்களாவும் காந்த ஊசியும்: திருவனந்தபுரம் வானாய்வகத்தின் பதிவேடுகள் சொல்லும் வரலாறு

திருவனந்தபுரம் நகரின் நடுவே, பாளையத்தை அடுத்த மேட்டில் நிற்கும் பழைய வானாய்வகத்தை ஊர்மக்கள் ‘நட்சத்திர பங்களா’ என்று அழைத்துவந்தனர். பெயர் நட்சத்திரத்தைச் சுட்டினாலும், அந்தக் கட்டடத்துக்கு உலக அறிவியல் வரலாற்றில் இடம் பெற்றுத்தந்தது விண்மீன்களின் நோக்கீடு அன்று. மூடிய அறைக்குள் தொங்கவிடப்பட்ட ஒரு காந்த ஊசி மணிக்கு மணி எவ்வளவு அசைந்தது என்று எழுதிவைத்த பதிவேடுகளே அதன் பெரும் செல்வம். அண்டத்தைப் பற்றிய மனிதப் புரிதல் எவ்வாறு மாறிவந்தது என்பதை விளக்க, கோபர்நிக்கஸ், கலீலியோ, நியூட்டன் என்று பெயர்களை வரிசைப்படுத்துவது வழக்கம். அப்பெயர்களுக்குப் பின்னால் உள்ள நெடுங்காலப் பதிவுகள் அந்த வரிசையில் இடம்பெறுவது அரிது. டைக்கோ பிராகே பல்லாண்டுகள் சேர்த்துவைத்த செவ்வாயின் நிலைகள் இல்லையெனில் கெப்ளரின் நீள்வட்டம் இல்லை. யார் பதிந்தார், யார் செலவு செய்தார், யார் அச்சிட்டார் என்ற கேள்விகளோடு வானியல் வரலாற்றைப் படிப்பதற்குத் திருவனந்தபுரம் பொருத்தமான ஊர்.

வானாய்வகம் எழுவதற்கு நான்கு நூற்றாண்டுகள் முன்பே இந்த நிலப்பகுதியில் அத்தகைய பதிவு மரபு இருந்தது. கேரளத்தில் பஞ்சாங்கக் கணிப்புக்கு அடிப்படையாக விளங்கியது, கி.பி. 683இல் ஹரிதத்தர் வகுத்ததாகக் கருதப்படும் ‘பரஹித’ முறை. காலப்போக்கில் அக்கணிப்பு காட்டிய கோள்நிலைகளும் கண்ணால் கண்ட கோள்நிலைகளும் விலகத் தொடங்கின. எந்தக் கணிப்பு முறைக்கும் இது நேரக்கூடியதே. ஒரு கோளின் சராசரி வேகத்தில் உள்ள மிகச்சிறிய பிழைகூட நூற்றாண்டுகளில் பெருகிக் கண்ணுக்குத் தெரியும் அளவை எட்டிவிடும். நிளா எனப்படும் பாரதப்புழை ஆற்றங்கரையைச் சேர்ந்த வடசேரி பரமேஸ்வரன் இந்த விலகலை நூலறிவால் மட்டும் சரிசெய்ய முயலவில்லை. 1393 முதல் 1432 வரையிலான கிரகணங்கள் பலவற்றை அவர் நோக்கிக் குறித்த விவரங்கள் ‘சித்தாந்ததீபிகை’யில் உள்ளன. அந்த நோக்கீடுகளின் துணையோடு 1431இல் ‘திருக்கணிதம்’ என்னும் திருத்தப்பட்ட கணிப்பு முறையை அவர் வெளியிட்டார். ‘திருக்’ என்பது கண்ணையும் காட்சியையும் குறிக்கும் வடசொல். கணக்கு காட்சியோடு ஒத்துப்போக வேண்டும் என்ற கொள்கை நூலின் பெயரிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்களில் இன்றும் வாக்கியம், திருக்கணிதம் என்ற பிரிவு நிலவுவதால், இச்சொல்லின் பொருள் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. ஆனால் இன்றைய திருக்கணிதப் பஞ்சாங்கங்கள் தற்கால வானியல் அளவுகளைக் கொண்டு கணிக்கப்படுகின்றன. பரமேஸ்வரனின் நூலும் அவையும் ஒன்றல்ல.

பரமேஸ்வரனின் மகன் தாமோதரன். தாமோதரனின் மாணவர் திருக்கண்டியூர் நீலகண்ட சோமயாஜி (1444–1544). பரமேஸ்வரன் ஐம்பத்தைந்து ஆண்டுகள் வானத்தை நோக்கினார் என்று பதிவுசெய்தவர் இவரே. சித்தாந்த நூல்கள் காலந்தோறும் சோதிக்கப்பட வேண்டும், வானத்தோடு ஒத்துப்போகாதபோது திருத்தப்பட வேண்டும், அதனால் முன்னோருக்கு இழுக்கில்லை என்ற வாதத்தை அவர் ‘ஜ்யோதிர்மீமாம்சை’யில் விரிவாக முன்வைத்தார். 1500ஆம் ஆண்டளவில் இயற்றிய ‘தந்திரசங்கிரக’த்தில் புதன், வெள்ளி ஆகிய உட்கோள்களின் கணிப்பை அடிப்படையிலேயே திருத்தினார். அவருடைய பிற நூல்களையும் சேர்த்துப் படித்த ஆய்வாளர்கள், ஐந்து கோள்களும் சூரியனைச் சுற்ற, சூரியன் புவியைச் சுற்றும் வடிவியல் அமைப்பு அவரிடம் இருந்ததைக் காட்டியுள்ளனர். இது டைக்கோ பிராகே 1588இல் வெளியிட்ட அமைப்பை நினைவூட்டுவது. இதனை ‘கோபர்நிக்கஸுக்கு முன்பே சூரியமையக் கொள்கை’ என்று சொல்வது பிழை. நீலகண்டனின் புவி அசையவில்லை. கணிப்பும் காட்சியும் ஒத்துப்போகவேண்டும் என்ற ஒரே நெருக்கடியிலிருந்து, கோள்களின் வடிவியலைப் பற்றிய புதிய சிந்தனை பிறந்தது என்பதே இங்கு கவனிக்கவேண்டிய செய்தி.

இந்த நூல்கள் பனையோலையில், குருவிடமிருந்து மாணவனுக்கு என்ற முறையில், சிறு வட்டத்துக்குள்ளேயே பயின்றன. மலபாரில் பணியாற்றிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி சார்லஸ் விஷ், கேரளக் கணித நூல்களில் உள்ள முடிவிலாத் தொடர்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1834இல் ராயல் ஏசியாடிக் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. அது நெடுங்காலம் பெரிய கவனத்தைப் பெறவில்லை. ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான் திருவிதாங்கூர் அரசு, ஐரோப்பியக் கருவிகளைக் கொண்ட வானாய்வகம் ஒன்றைத் தன் தலைநகரில் அமைக்க முடிவு செய்தது.

இசைக்காகப் பெரிதும் நினைக்கப்படும் சுவாதித் திருநாள் மகாராஜா (ஆட்சி 1829–1846) வானியலிலும் ஆர்வம் கொண்டவர். ஆலப்புழையில் சமஸ்தானத்தின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டெகாட், சொந்தக் கருவிகளைக் கொண்டு வான்நோக்கீடுகள் செய்துவந்தார். அவருடைய முன்மொழிவு 1836இல் மகாராஜாவின் ஒப்புதலைப் பெற்றது. மதராஸ் பொறியாளர் படையைச் சேர்ந்த ஹார்ஸ்லி வடிவமைத்த கட்டடம் 1837இல் பணிக்குத் தயாரானது. கால்டெகாட் அதன் முதல் இயக்குநரானார். மதராஸ் நுங்கம்பாக்கத்தில் 1792 முதல் இயங்கிய வானாய்வகம் கம்பெனியுடையது. கடல் வழிக்கும் நில அளவைக்கும் பயன்படுவதற்காக நடத்தப்பட்டது. திருவனந்தபுரத்தினதோ ஒரு சுதேச சமஸ்தானத்தின் கருவூலப் பணத்தில் எழுந்தது. மன்னரின் ஆர்வமும் சமஸ்தானத்தின் கௌரவமும் அதனைத் தாங்கின. அவ்விரண்டும் குறையும்போது ஆய்வகமும் குறையும் என்ற ஆபத்தும் அங்கேயே இருந்தது.

அந்த ஆண்டுகளில் ஐரோப்பிய அறிவுலகத்தை ஆட்கொண்டிருந்த வினா புவிக்காந்தம் பற்றியது. திசைகாட்டியின் முள் நேர்வடக்கைக் காட்டுவதில்லை என்பதையும், அது விலகி நிற்கும் கோணம், அதாவது காந்த ஒதுக்கம், இடத்துக்கு இடமும் ஆண்டுக்கு ஆண்டும் மாறுவதையும் மாலுமிகள் அறிந்திருந்தனர். ஒரே நாளுக்குள்ளும் முள் சிறிது அசைகிறது என்பதும் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. ஏன் அசைகிறது என்பதே தெரியவில்லை. ஜெர்மனியின் கோட்டிங்கனில் காவுஸும் வேபரும் 1830களில் ஒரு கூட்டமைப்பை நிறுவினர். குறிப்பிட்ட நாள்களில், கோட்டிங்கன் நேரத்தை அடிப்படையாகக் கொண்டு, வெவ்வேறு நாடுகளில் உள்ள நோக்கர்கள் ஒரே கணத்தில் தத்தம் ஊசிகளைப் படித்தனர். ஹம்போல்ட்டின் தூண்டுதலால் பிரிட்டனும் அதில் இறங்கி டொராண்டோ, செயின்ட் ஹெலினா, ஹோபார்ட் முதலிய இடங்களில் நிலையங்கள் அமைத்தது.

இந்த வலைப்பின்னலில் திருவனந்தபுரத்துக்குத் தனி மதிப்பு உண்டு. தடையின்றித் தொங்கும் காந்த ஊசி புவியின் பெரும்பாலான இடங்களில் கீழ்நோக்கிச் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வு சுழியமாகி ஊசி கிடைமட்டமாக நிற்கும் இடங்களை இணைக்கும் கோடே காந்த நடுக்கோடு. அது தென்னிந்தியாவின் குறுக்கே செல்கிறது. கால்டெகாட்டும் மதராஸ் வானாய்வகத்தின் டி.ஜி. டெய்லரும் தென்னிந்தியாவெங்கும் பயணம் செய்து செய்த காந்த அளவீடுகள் 1839இல் வெளியாயின. பின்னர் கால்டெகாட் ஐரோப்பா சென்று புதிய கருவிகளோடு திரும்பினார். 1841இல் காந்த நோக்கீடுகளுக்கென்று தனிக்கட்டடம் எழுந்தது. 1849இல் அவர் திருவனந்தபுரத்திலேயே காலமானார்.

1852இல் பொறுப்பேற்ற ஜான் ஆலன் ப்ரௌன், ஸ்காட்லாந்தின் மேக்கர்ஸ்டவுன் காந்த ஆய்வகத்தை நடத்திய அனுபவத்தோடு வந்தவர். ஊசியின் நாளசைவுக்குக் காரணம் தரைக்கு அருகே உள்ளதா, காற்றில் உள்ளதா, அதற்கும் அப்பால் உள்ளதா என்பதை அறிய அவர் எளிய ஆனால் கடினமான ஒரு சோதனையைத் திட்டமிட்டார். கடல்மட்டத்துக்கு அருகிலும் உயர்ந்த மலையுச்சியிலும் ஒரே நேரத்தில் நோக்கீடு செய்து ஒப்பிடுவதே அது. அதற்கு அவர் தேர்ந்த இடம் அகத்திய மலை. தமிழ் இலக்கண மரபின் முதல் முனிவருக்குரியதாகத் தொன்மம் சொல்லும், ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் 1855இல் ஓர் ஆய்வகம் அமைக்கப்பட்டது. சாலையில்லாத அடர்காட்டின் வழியே நுண்ணிய கருவிகள் மேலே கொண்டுசெல்லப்பட்டன. இரு பருவமழைகளையும் பெறும் அந்த உச்சியில் கட்டடத்தைக் காப்பதே பெரும்பாடு. மணிதோறும் கருவியைப் படித்து எண்ணை எழுதும் வேலையை இரவும் பகலும் செய்தவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற உள்ளூர் உதவியாளர்களே.

அந்தப் பதிவுகளிலிருந்து கிடைத்த முடிவுகளில் மூன்று இங்கே முக்கியமானவை. முதலாவது, மலையுச்சியின் ஊசியும் அடிவாரத்தின் ஊசியும் பெரும்பாலும் ஒத்தே அசைந்தன. காரணம் எதுவாயினும் அது இரண்டாயிரம் மீட்டருக்குள் அடங்குவது அன்று. இரண்டாவது, திருவனந்தபுரத்து ஊசி பருவத்துக்கேற்ப நடத்தையை மாற்றிக்கொண்டது. காலை நேரத்தில் ஊசி நகரும் திசை வடவரைக்கோளத்தில் ஒருவிதமாகவும் தென்னரைக்கோளத்தில் எதிராகவும் இருக்கும். நிலநடுக்கோட்டுக்கு எட்டரைப் பாகை வடக்கே உள்ள இந்த ஊரில் ஆண்டின் ஒரு பாதியில் வடக்கின் போக்கும் மறுபாதியில் தெற்கின் போக்கும் தோன்றின. மூன்றாவது, வெகுதொலைவில் உள்ள நிலையங்களின் எண்களை ஒப்பிட்டபோது, காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு நாளுக்கு நாள் ஏறி இறங்குவது புவியெங்கும் ஒரேசமயத்தில் நிகழ்வதை ப்ரௌன் கண்டார். அந்த ஏற்ற இறக்கத்தில் ஏறத்தாழ 26 நாள் சுழற்சி ஒன்றும் தெரிந்தது. புவியிலிருந்து பார்க்கையில் சூரியன் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிவர ஆகும் காலத்துக்கு அது நெருக்கமானது. சூரியனின் குறிப்பிட்ட பகுதிகளே இந்தக் காந்தக் கலக்கங்களுக்குக் காரணமாகலாம், அப்பகுதிகளில் புள்ளிகள் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை என்ற முடிவை நோக்கி அவர் சென்றார்.

இதன் பொருளை உணர அக்கால அண்டப் படத்தை நினைவுகொள்ளவேண்டும். நியூட்டனுக்குப் பிந்தைய வானியலில் சூரியன் ஈர்ப்பையும் ஒளியையும் வெப்பத்தையும் தருவது. இடையில் உள்ளது வெறுவெளி. சூரியப்புள்ளிகளின் ஏற்ற இறக்கமும் காந்தக் கலக்கங்களின் ஏற்ற இறக்கமும் ஒத்துப்போகின்றன என்று எட்வர்ட் சபைன் 1852இல் அறிவித்தார். 1859 செப்டம்பர் 1ஆம் நாள் காரிங்டன் சூரியனில் ஒரு பெருஞ்சுடரைக் கண்டார். மறுநாள் பெரும் காந்தப் புயல் புவியைத் தாக்கியது. ஆயினும் இவை தற்செயலே என்று ஐயுற்றவர் பலர். சூரியனிலிருந்து பொருள்துகள்கள் இடையறாது வீசுகின்றன என்ற கருத்து நிலைபெற 1950களின் பிற்பகுதியும் 1960களின் விண்கலங்களும் தேவைப்பட்டன. புள்ளியில்லாத செயற்பகுதிகளை ஜூலியஸ் பார்ட்டெல்ஸ் 1930களில் மீண்டும் முன்மொழிந்தார். அவை கொரோனா துளைகளே என்பது 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலாப் காலத்தில் தெளிவாயிற்று. வெறுவெளி என்று கருதப்பட்ட இடம் சூரியக் காற்றாலும் காந்தப்புலத்தாலும் நிறைந்தது என்ற இன்றைய புரிதலின் வேர்களுள் ஒன்று, பூட்டிய அறைகளில் மணிக்கு மணி படிக்கப்பட்ட ஊசிகளில் உள்ளது.

1865இல் ப்ரௌன் ஊரை விட்டு நீங்கினார். ஆய்வகத்தின் பணி சுருங்கியது. ஆயினும் உதவியாளர்கள் ஊசியைப் படிப்பதை உடனே நிறுத்திவிடவில்லை. 1874இல் லண்டனில் வெளியான பெருநூலின் தலைப்பே இதற்குச் சான்று: திருவனந்தபுரத்திலும் அகத்திய மலையிலும் 1852 முதல் 1869 வரை செய்த காந்த ஒதுக்க நோக்கீடுகளை அது தருகிறது. இயக்குநர் சென்ற பின்னும் நான்கு ஆண்டுகள் நீண்ட எண்கள் அதில் உள்ளன. செலவைத் திருவிதாங்கூர் ஏற்றது. எண்ணை எழுதியவர்கள் உள்ளூரார். ஒப்பீடும் அச்சும் ஐரோப்பாவில் நடந்தன. முதல் தொகுதி என்ற பெயரோடு வந்த அந்நூலுக்கு அடுத்த தொகுதி வரவில்லை. 1879இல் ப்ரௌன் மறைந்தார். காந்த ஒதுக்கம் அச்சேறியது. அதே உழைப்பில் சேர்ந்த மற்ற அளவீடுகள் அதே முழுமையோடு உலகை எட்டவில்லை.

அச்சேறாத எண்ணுக்கு நேரும் இழப்பு எத்தகையது என்பதை மும்பையின் எடுத்துக்காட்டு புரியவைக்கும். 1859 செப்டம்பர் புயலின்போது கொலாபா ஆய்வகத்தின் நோக்கர்கள் கருவியைப் படித்து எழுதியிருந்தனர். இந்திய, அயல்நாட்டு ஆய்வாளர்கள் அப்பதிவை 2003இல் மீண்டும் ஆராய்ந்து, புலத்தின் கிடைத்தளக் கூறு ஏறத்தாழ 1,600 நானோடெஸ்லா வீழ்ந்ததைக் காட்டினர். மின்கட்டமைப்புகளையும் செயற்கைக்கோள்களையும் ஒரு பெரும் சூரியப் புயல் எந்த அளவு தாக்கக்கூடும் என்று கணிப்போர் இன்று அந்த எண்ணை நாடுகின்றனர். எழுதியவர்கள் மின்கட்டமைப்பைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

பனையோலைகளின் கதையும் இதனோடு ஒப்பிடத்தக்கது. நீலகண்டனின் ஆரியபடீய உரை, எழுதப்பட்டு நான்கு நூற்றாண்டுகளுக்குப் பிறகு, 1930இல் தொடங்கித் திருவனந்தபுரம் சமஸ்கிருத நூல்வரிசையில் அச்சாயிற்று. தந்திரசங்கிரகம் 1958இல் அதே நகரில் வெளிவந்தது. கே.வி. சர்மா தம் வாழ்நாளைச் செலவிட்டு இம்மரபின் சுவடிகளைத் தேடிப் பதிப்பித்தார். திருக்கணிதத்தின் பதிப்பு 1963இல் வந்தது. கேரள வானியல் மரபு உலக வானியல் வரலாற்றில் இடம்பெற்றது இந்தப் பதிப்புகளுக்குப் பிறகே. நட்சத்திர பங்களாவின் எண்கள் கோட்டிங்கனோடும் மேக்கர்ஸ்டவுனோடும் உரையாடின. அதே சமஸ்தானத்து வீடுகளில் இருந்த ஓலைகளோடு உரையாடவில்லை. நோக்கீட்டால் நூலைத் திருத்து என்று சொன்ன ஒரு மரபும், நோக்கீட்டையே தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனமும் ஒரே மொழி வழங்கும் நிலத்தில் தனித்தனியே வாழ்ந்தன.

ப்ரௌன் மலையேறித் தேடிய காரணம் மலைக்கு வெகு உயரே இருந்தது. உயர்வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டமே நாளசைவுக்குக் காரணம் என்று பால்ஃபோர் ஸ்டுவர்ட் 1882இல் முன்மொழிந்தார். 1920களில் அயனி மண்டலம் சோதனையால் உறுதிப்பட்டது. காந்த நடுக்கோட்டின் மீது, ஏறத்தாழ 100 முதல் 110 கிலோமீட்டர் உயரத்தில், பகலில் குறுகிய பட்டையாக ஓடும் வலிய மின்னோட்டத்துக்கு சிட்னி சாப்மன் 1951இல் ‘நடுக்கோட்டு மின்தாரை’ என்று பெயரிட்டார். பலூன் எட்டாத, செயற்கைக்கோள் நிலைக்காத அந்த உயரத்துக்குச் செல்லவல்லது ஆய்வு ராக்கெட் ஒன்றே. காந்த நடுக்கோட்டுக்கு அருகே இருந்ததால்தான் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பா என்ற மீனவக் கிராமம் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21ஆம் நாள் முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. புனித மரிய மகதலேனா தேவாலயம் தொடக்ககாலப் பணியிடமாயிற்று. தொடர்ந்த ஆண்டுகளில் காந்தமானிகளைச் சுமந்த ராக்கெட்டுகள் மின்தாரையை ஊடுருவிச் சென்று அதன் உயரத்தை அளந்தன. இந்திய விண்வெளித் திட்டத்தின் பிறப்பிடமாகத் தும்பாவைக் கொண்டாடும்போது, 1841இல் அதே நகரில் தொங்கவிடப்பட்ட ஊசியையும் அதன் முன்வரலாற்றில் சேர்க்கவேண்டும்.

காந்த நடுக்கோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பத்தாண்டுகளில் மெல்ல நகர்கிறது. பன்னாட்டுப் புவியியற்பியல் ஆண்டையொட்டி 1957இல் திருவனந்தபுரத்திலும் அண்ணாமலைநகரிலும் காந்த நிலையங்கள் தொடங்கப்பட்டன. பின்னாளில் நடுக்கோட்டு நோக்கீடுகளின் மையம் அகத்திய மலைக்குக் கிழக்கே, திருநெல்வேலிக்கு மாறியது. ஊசி ஊர் மாறினாலும் தொடரும் எண்வரிசை ஒன்றே. நகரும் ஒன்றை அறிய, நகராத பொறுமையோடு தலைமுறை தலைமுறையாக அளப்பது தவிர வேறு வழியில்லை.

இந்த வரலாறு இரு எளிய கூற்றுகளை ஏற்க மறுக்கிறது. எல்லாம் இங்கே முன்பே தெரியும் என்ற கூற்றைப் பரமேஸ்வரனே மறுக்கிறார். முன்னோர் கணக்கு பிழைபட்டதை ஒப்புக்கொண்டதால்தான் அவர் பல்லாண்டுகள் கிரகணங்களை நோக்கினார். எல்லாம் மேற்கிலிருந்து வந்தது என்ற கூற்றைத் திருவனந்தபுரத்தின் பதிவேடுகள் மறுக்கின்றன. இந்த நிலத்தின் இருப்பிடமும் பணமும் உழைப்பும் இல்லாமல் அந்த அறிவு முழுமை பெற்றிராது. பரமேஸ்வரனின் கிரகணப் பட்டியலும் உதவியாளர்களின் மணிக்குறிப்புகளும் எழுதப்பட்ட காலத்தில் அவற்றின் முழுப்பயன் எவருக்கும் தெரியாது. ஆவணக்காப்பகங்களில் இன்னும் பிரிக்கப்படாமல் இருக்கும் வானிலை, காந்தப் பதிவேடுகளையும் சுவடிகளையும் எண்ணுருவாக்கிப் பதிப்பிப்பது வரலாற்றுத் துறையின் வேலை மட்டுமன்று. அது இயற்பியல் துறையின் வேலையும் ஆகும்.